நாட்காட்டித் தாளில் எழுதிய எண்

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. நாக்பூரில் நான் பணியாற்றிய கிளையின் கதவு திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முதியவர் ஒருவர் நேராக என் மேசைக்கு முன் வந்து நின்றார். இரயில்வேயில் எஞ்சின் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற தமிழர். நாக்பூரிலிருந்து இடார்சி செல்லும் மலைப்பாதையில் முப்பது ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். ஓய்வூதியம் பெறுவதற்காக மாதந்தோறும் கிளைக்கு வருபவராதலால் எனக்கு நன்கு அறிமுகமானவர். அமரச் சொன்னேன், அமரவில்லை. தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள் ஒன்றை மேசைமீது வைத்து, "தம்பி, பணம் என் கணக்கிலிருந்து போய்விட்டது. மாப்பிள்ளை கணக்கிற்குப் போய்ச் சேரவில்லை" என்றார்.

பேரனின் கல்லூரிக் கட்டணம் ரூபாய் 2,40,000. பிலாஸ்பூரில் இருக்கும் மருமகனின் கணக்கிற்கு அனுப்ப வேண்டியது. கட்டணம் செலுத்த இறுதி நாள் புதன்கிழமை. சனிக்கிழமை மாலை மருமகன் தொலைபேசியில் கணக்கு எண்ணைச் சொல்ல, இவர் கைக்கு அகப்பட்ட நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார். பெறுபவரின் கணக்கு எண்ணைத் திரை இருமுறை கேட்கும் என்பது வாசகர்கள் அறிந்ததே. இவரும் இருமுறை பொறுமையாக, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளைப் பார்த்தே தட்டச்சு செய்தார். இரண்டும் பொருந்தின. ஞாயிறன்று நெஃப்ட் வழியாகப் பணம் சென்றது.

மருமகனிடம் தொலைபேசியில் பேசி, அவருடைய கணக்குப் புத்தகத்தில் உள்ள எண்ணைக் கேட்டு, தாளில் உள்ளதோடு ஒப்பிட்டேன். புத்தகத்தில் 0638 என்று முடியும் எண், தாளில் 0368 என்று முடிந்தது. ஆறும் மூன்றும் இடம் மாறியிருந்தன. மாறிய எண்ணிலும் அதே வங்கியில் யாரோ ஒருவருக்குக் கணக்கு இருந்தது. அது இல்லாதிருந்தால் பணம் தானாகவே திரும்பி வந்திருக்கும்.

"இருமுறை சரிபார்த்தேனே!" என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் சரிபார்த்தது திரையையும் தாளையும். பிழை இருந்ததோ தாளில்.

பெயர் எழுதியிருந்தேனே?

அவர் அடுத்துக் கேட்டது, இத்தகைய நிலையில் எல்லா வாடிக்கையாளரும் கேட்கும் கேள்வி: "மாப்பிள்ளை பெயரைத் தெளிவாக எழுதியிருந்தேனே. பெயர் பொருந்தாத கணக்கில் எப்படிப் பணத்தை வரவு வைத்தார்கள்?"

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் ஆகிய முறைகளில் வந்து சேரும் பணம் கணக்கு எண் ஒன்றை மட்டுமே கொண்டு வரவு வைக்கப்படுகிறது. ரிசர்வ் வங்கி 2010-இல் வெளியிட்ட அறிவுறுத்தல் இதற்கு இடமளித்தது. எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு அனுப்புபவருடையது என்பதையும் அது கூறியது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. நம் நாட்டில் ஒருவருக்கே பல பெயர் வடிவங்கள் உண்டு. வடநாட்டில் வாழும் தமிழர்க்கு இது சொல்லாமலே விளங்கும். முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னால் நிற்கும், மற்றொன்றில் விரிந்து தந்தை பெயராகும், மூன்றாவதில் அத்தந்தை பெயரே குடும்பப் பெயராகி நிற்கும். பெயரைக் கொண்டு பொருத்திப் பார்ப்பதானால் சரியான பணமும் பாதி வழியில் நின்றுவிடும். எனவே எண்ணே இறுதி என்றாயிற்று. வேகம் கிடைத்தது. ஆனால் முன்பு வரைவோலையைக் கவுன்ட்டரில் வாங்கிப் பெயரைப் பார்த்து, "இது நீங்கள்தானா?" என்று கேட்ட எழுத்தர் அந்த வழியில் இல்லாமற் போனார்.

போன பணத்தை எங்கள் கிளை தானே எடுத்துத் திருப்பித் தர இயலாது. பெற்றவரின் வங்கியும் அவருடைய ஒப்புதலின்றி அவர் கணக்கில் கை வைக்க இயலாது. தவறுதலாகச் செலுத்தப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவில் சொல்கிறது. சட்டம் வாடிக்கையாளர் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் புதன்கிழமை அதற்குள் வந்துவிடுமே! அவரிடம் எழுத்து மூலமான விண்ணப்பம் பெற்று, அன்றே பெறுபவர் வங்கிக்கு அனுப்பினேன். கட்டணத்திற்காக அவர் தம் வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே முறித்தார். குறைக்கப்பட்ட வட்டி எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, ரசீதில் இருந்தது.

அன்று மாலை எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு எங்கள் கிளையில் ஒரு பைசா பிசகாமல் நேராகியிருந்தது. அனுப்பிய தொகை பற்று, சேர்ந்த தொகை வரவு. இவ்வளவு பெரிய பிழை எங்கள் எந்தப் பேரேட்டிலும் ஒரு கீறலைக்கூட ஏற்படுத்தவில்லை.

ஒன்பதால் வகுத்துப் பார்!

நான் எழுத்தராகப் பணியில் சேர்ந்த காலத்தில் எல்லாக் கிளைகளும் கணினியால் இணைக்கப்பட்டிருக்கவில்லை. எங்கள் கிளையில் பேரேடுகள் தடித்த அட்டையோடு இருந்தன. மாதக் கடைசியில் இருப்புகளைக் கூட்டி நேர்செய்ய வேண்டும். ஒருமுறை 270 ரூபாய் வித்தியாசம். இரவு எட்டு மணி வரை வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்த முதுநிலை எழுத்தர் ஒருவர், தேநீர்க் கோப்பையோடு வந்து வித்தியாசத்தை மட்டும் பார்த்தார். "ஒன்பதால் வகுத்துப் பார். மீதி இல்லையல்லவா? அப்படியானால் எங்கோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறாய். கூட்டலைப் பார்க்காதே, எடுத்தெழுதியதைப் பார்" என்றார். பத்து நிமிடத்தில் அகப்பட்டது: 5,630 என்பதை 5,360 என்று எழுதியிருந்தேன்.

வணிகவியல் பட்டம் பெற்றவன் நான். விடுபிழை, செய்பிழை, விதிப்பிழை, ஈடுசெய் பிழை என்று பிழைகளின் வகைகளை மனப்பாடமாக ஒப்பித்துத் தேர்வில் மதிப்பெண் பெற்றவன். இந்த ஒன்பதின் சூட்சுமம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 72-ஐ 27 என்று எழுதினால் 45. ஒரு சுழியை விட்டுவிட்டாலும் அப்படியே: 4,500-ஐ 450 என்று எழுதினால் 4,050. வித்தியாசம் இரட்டைப்படையாக இருந்தால் அதைப் பாதியாக்கி, அத்தொகை பற்றிற்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்றும் தேடலாம். வீட்டுக் கணக்கோ சங்கத்துக் கணக்கோ எழுதும் வாசகர்கள் முயன்று பார்க்கலாம்.

இந்த வித்தை பலிப்பதற்கு ஒரே காரணம், அங்கே எதிர்ப்பக்கம் ஒன்று இருந்தது என்பதுதான். ஒரே தொகை இரண்டு இடங்களில், இரண்டு கைகளால், இரண்டு தாள்களைப் பார்த்து எழுதப்பட்டது. ஒன்று பிசகினால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். கணக்கு எண்ணுக்கு அத்தகைய எதிர்ப்பக்கம் இல்லை. அதை யாரும் கூட்டுவதில்லை.

எண்களை எடுத்தெழுதும்போது மனிதர் செய்யும் பிழைகளை நெதர்லாந்தின் கணித அறிஞர் ஜேக்கோபஸ் வெர்ஹூஃப் ஆராய்ந்து 1969-இல் வெளியிட்டார். நூற்றுக்கு எண்பதை ஒட்டிய பிழைகள் ஒரே ஓர் இலக்கம் மாறியவை. ஏறத்தாழப் பத்து, அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறியவை. இவ்விரு வகைகளையும் தவறாமல் பிடிக்கும் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றை அவர் வகுத்தார். நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் அவருடைய முறையில் கணக்கிடப்படுவதே. ஆதாரில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் கணினி உடனே மறுத்துவிடும். வங்கிக் கணக்கு எண்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான இத்தகைய ஏற்பாடு இல்லை. எண்ணின் நீளமே வங்கிக்கு வங்கி வேறுபடுகிறது.

அதே பிழையை இருமுறை

வங்கிக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். 1983-ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் செல்ல இருந்தது. எரிபொருள் காட்டும் கருவி பழுதாகியிருந்ததால், தொட்டியில் அளவுகோலை விட்டு லிட்டரில் அளந்து, அதை எடையாக மாற்றிக் கணக்கிட்டார்கள். தேவை 22,300 கிலோகிராம். கனடா அப்போது பழைய அளவைகளிலிருந்து மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் எரிபொருளின் எடை ஏறத்தாழ 0.8 கிலோகிராம். ஆனால் பழைய விமானங்களில் பழகிய 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அது பவுண்டுக்கு உரிய எண். விளைவாக, விமானத்தில் இருந்தது தேவையானதில் பாதிக்கும் குறைவு.

ஒட்டாவாவில் இறங்கியபோது மீண்டும் அளந்தார்கள் என்பதே நான் குறிப்பிட விரும்புவது. கவனக்குறைவாளர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. மறுபடி அளவுகோல், மறுபடி பெருக்கல், மறுபடி அதே 1.77. கணக்கு ஒத்துவந்தது. நடுவானில் இரு எஞ்சின்களும் நின்றன. அந்த விமானத் தலைவர் ஓய்வு நேரத்தில் எஞ்சினில்லா மிதவை விமானம் ஓட்டிப் பழகியவர் என்பதாலும், துணை விமானி கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தை அறிந்திருந்ததாலும் 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

எங்கள் நாட்காட்டித் தாளும் அந்த 1.77-ம் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. இருமுறை பார்ப்பது என்பது ஒரே இடத்தை இருமுறை பார்ப்பதானால் அது ஒருமுறை பார்த்ததே.

எச்சரிக்கை ஒலித்தும் கடந்துபோவது வேறொரு வகை. 2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோ பங்குச் சந்தையில் மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தார் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டிய இடத்தில், 6,10,000 பங்குகளை ஒரு யென் வீதம் விற்கப் பதிவு செய்தனர். அந்த நிறுவனத்திற்கு இருந்த மொத்தப் பங்குகளைப் போல் நாற்பது மடங்குக்கும் மேலான எண்ணிக்கை அது. திரையில் எச்சரிக்கை தோன்றியது, தள்ளிவிட்டுப் போனார்கள். இழப்பு ஏறத்தாழ 4,000 கோடி யென். நம் தேசியப் பங்குச் சந்தையிலும் 2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்தின் தவறான விற்பனைப் பதிவுகளால் நிஃப்டி குறியீடு சில நொடிகளில் சரிந்து, வணிகம் சிறிது நேரம் நின்றது. நாள்தோறும் 'சரி' என்ற பொத்தானை எத்தனை முறை படிக்காமல் அழுத்துகிறோம் என்று எண்ணிப் பார்த்தால், அந்த டோக்கியோ ஊழியரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

குறை சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. வங்கியில் ஒருவர் பதிவு செய்வார், மற்றொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். நான் அனுமதிக்கும் இருக்கைக்கு உயர்ந்த புதிதில், கணவன், மனைவி இருவரின் பெயரிலும் இருந்த வைப்புத்தொகை ஒன்று, 'யாரேனும் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று பதிவாக வேண்டியது, 'இருவரும் சேர்ந்து' என்று பதிவாகிவிட்டது. பதிவு செய்தவர் பிழையே செய்யாதவர் என்று பெயரெடுத்த அனுபவசாலி. விண்ணப்பத்தைத் திறந்து பாராமல் அவர் முகத்தைப் பார்த்தே அனுமதித்தேன். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கணவர் காலமானார். அதற்குள் நான் வேறு கிளைக்கு மாறியிருந்தேன். மனைவி பணம் பெற வந்தபோது, இறந்தவரின் ஒப்பமும் வேண்டும் என்று கணினி கேட்டது. மூல விண்ணப்பம் ஆவண அறையில் இருந்ததால் மூன்றாம் நாள் திருத்த முடிந்தது. அந்த அம்மையார் மூன்று நாள்கள் அந்தக் கவுன்ட்டருக்கு நடந்தார் என்பதை அக்கிளை மேலாளர் தொலைபேசியில் சொன்னபோது நான் பதில் பேசவில்லை. இரண்டு பேர் பார்த்த பதிவு அது. பார்த்த கண் ஒன்றுதான். வைப்புத்தொகை ரசீதை வாங்கியதும் பெயர், நியமனதாரர், இயக்கும் முறை ஆகியவற்றைக் கவுன்ட்டரில் நின்றே படித்துப் பாருங்கள் என்று நான் வாடிக்கையாளர்களை வற்புறுத்துவது அந்த நாளிலிருந்து வந்த பழக்கம். எங்கள் இருவருக்கும் இல்லாத மூன்றாவது கண் உங்களுடையது.

காசோலையில் அந்த மூன்றாவது கண் ஓரளவு முன்பே வைக்கப்பட்டிருக்கிறது. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம்; இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18-ஆம் பிரிவில் கூறுகிறது. பெரிய தொகைக் காசோலைகளின் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் பாசிட்டிவ் பே முறை 2021 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பரிமாற்றத்திலும் இப்போது வழி பிறந்திருக்கிறது. பெறுபவரின் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் தந்தவுடன், வங்கியில் பதிவாகியுள்ள அவருடைய பெயரைத் திரையில் காட்டும் வசதியை, நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் ஆகிய இரண்டுக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் அறிவுறுத்தியது. இதற்குக் கட்டணம் இல்லை. கிளைக்கு வந்து அனுப்புவோர்க்கும் இது உண்டு. யுபிஐ முறையிலும் பெயர் தோன்றுகிறது. அந்தப் பெயர் தோன்றும் ஒரு நொடியில் விரல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். 2022-இல் அது இருந்திருந்தால் முதியவரின் திரையில் முற்றிலும் அறியாத ஒரு பெயர் தோன்றியிருக்கும்.

நாற்பத்தேழாம் நாள்

அந்தப் பெயருக்கு உரியவர் மேற்கு ஒடிசாவின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த கட்டடத் தொழிலாளி. வேறு மாநிலத்தில் வேலைக்குப் போயிருந்தார். கணக்கில் பதிவாகியிருந்த கைபேசி எண் அவரிடம் இல்லை. வங்கி அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது. வாரம் ஒருமுறை நான் அந்தக் கிளையோடு பேசுவேன். வாரம் இருமுறை முதியவர் என்னோடு பேசுவார். குற்றம் சாட்டிப் பேசியதே இல்லை. ஒரு நாள் தாமாகவே சொன்னார்: "தம்பி, எஞ்சினில் நானும் உதவி ஓட்டுநரும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்வோம். நான் பச்சை என்றால் அவனும் பார்த்துப் பச்சை என்பான். தனியாகப் பார்த்துத் தலையாட்டிக்கொள்ளக் கூடாது என்பது விதி. முப்பது வருஷம் அப்படி இருந்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அது தோன்றவேயில்லை, பாருங்கள்."

நாற்பத்தேழாம் நாள் அந்தக் கிளை அலுவலர் என்னை அழைத்தார். புதுக்கதிர் விழாவான நுவாகாய்க்கு ஊர் வந்த அந்தத் தொழிலாளி, கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்துகொள்ள வந்திருக்கிறார். அச்சிட்டு வந்த இருப்பைக் கண்டு அஞ்சி, இது யாருடைய பணம் என்று அவரே கேட்டிருக்கிறார். ஒப்புதல் கடிதத்தில் ஒப்பமிடும்போது, இதனால் தம் கணக்கை மூடிவிடுவார்களோ என்பது மட்டுமே அவர் கவலையாக இருந்ததாம். மறுநாள் 2,40,000 ரூபாயும் திரும்பி வந்தது.

அடுத்த ஆண்டுக் கட்டணத்திற்கு முதியவர் கைபேசியோடு கிளைக்கே வந்து என் எதிரில் அமர்ந்தார். மருமகன் தம் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். இவர் எண்ணைத் தட்டச்சு செய்துவிட்டு, முதலில் பத்து ரூபாய் மட்டும் அனுப்பினார். பிறகு மருமகனை அழைத்து, கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார். வந்து சேர்ந்ததா என்று கேட்டார், சேர்ந்தது. அதோடு விடவில்லை. தம் திரையில் உள்ள எண்ணைப் பார்த்து, நிதானமாக, கிளையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்: "பூஜ்யம், ஆறு, மூன்று, எட்டு."

பிலாஸ்பூரிலிருந்து, தம் புத்தகத்தைப் பார்த்து, மருமகன் திருப்பிச் சொன்னார்: "பூஜ்யம், ஆறு, மூன்று, எட்டு."